பாட் ரேட்டுன்னா இன்னா?

ரெண்டு எலக்ட்ரானிக் போர்டு வயர்ல பேசிக்கறதுக்கு செட் பண்ற சமாச்சாரம் இது, எங்க தண்டையார்பேட்டைல இந்த வார்த்தைய ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. பாட் ரேட்டு, பவுட் ரேட்டு, எதிர்வீட்டு தம்பி ஒருத்தன் 'பாட்டு ரேட்டு'ன்னே சொல்லுவான், ஏதோ கானா கச்சேரிக்கு அட்வான்ஸ் பேசுற மாதிரி இருக்கும். உச்சரிப்பு போவட்டும், அர்த்தம் கேட்டா எல்லாரும் 'ஸ்பீடு'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க. அத நம்பித்தான் நானும் அவனும் மூணு நாள் முழி பிதுங்குனோம்.

வார்த்தை வந்தது ஒரு ஆள் பேர்ல இருந்து. எமில் போதோ, பிரான்ஸ் தந்தி இலாகாக்காரரு, 1874ல ஒவ்வொரு எழுத்தையும் அஞ்சு துடிப்பா அனுப்புற தந்தி முறைக்கு பேட்டன்ட் வாங்குனவரு. அதுவரைக்கும் தந்தி வேகத்த நிமிஷத்துக்கு எத்தன வார்த்தைன்னு எண்ணிட்டு இருந்தாங்க, பின்னாடி 1920கள்ல லைன்ல செகண்டுக்கு எத்தன குறி போவுதுன்னு அளக்க அவரு பேர வெட்டி 'பாட்'னு வச்சிட்டாங்க. நம்ம 'தந்தி'யும் அப்படி ஊரு சுத்துன வார்த்தை தான், வீணை நரம்புக்கு இருந்த பேரு, கம்பி வழியா சேதி வந்ததும் சேதிக்கே ஒட்டிக்கிச்சு.

இப்ப விஷயம். பாட்ங்கிறது பிட்டு (0 இல்ல 1, ஒத்த துளி சேதி) இல்ல. காசிமேட்டுல போட்டுல இருந்து மீன் எறக்குறத பாத்திருப்பீங்க, கூடை கை மாறி கை மாறி வரும். செகண்டுக்கு எத்தன தடவ கூடை கை மாறுதோ அது பாட், கூடைக்குள்ள எத்தன மீனு இருக்கோ அது பிட்டு. பழைய டயல்-அப் மோடத்துல 2400 பிட்டு வேகம்னு போட்டிருக்கும், ஆனா ஒரு குறிக்கு நாலு பிட்டு ஏத்தி அனுப்புனதால லைன்ல ஓடுனது வெறும் 600 பாட் தான். நம்ம மைக்ரோகன்ட்ரோலர் (போர்டுல இருக்குற குட்டி கம்ப்யூட்டர் சிப்பு) சீரியல்ல, அதாவது ஒத்த வயர்ல பிட்டு ஒண்ணு பின்னாடி ஒண்ணா போற வழில, கூடைக்கு ஒரே மீனு, அதனால ரெண்டு எண்ணிக்கையும் ஒண்ணாவே வரும், குழப்பம் ஆரம்பிச்சதே அங்க தான். அதுலயும் எல்லா மீனும் நமக்கு இல்ல, எட்டு பிட்டு (ஒரு பைட்டு) டேட்டாக்கு முன்னாடி ஒரு ஸ்டார்ட் பிட்டு பின்னாடி ஒரு ஸ்டாப் பிட்டுன்னு பத்து போவும், ஆக 115200 பாட்னா கைக்கு வர்றது செகண்டுக்கு 11520 பைட்டு.

தம்பி கதைக்கு வரேன். அவங்க அப்பா லேத் பட்டறைல மெஷின் எவ்ளோ அதிருதுன்னு பாக்க கீழ ஒரு 8 மெகாஹெர்ட்ஸ் ப்ரோ மினி, மாடி ரூம்ல 16 மெகாஹெர்ட்ஸ் நானோ (ரெண்டுமே ஆர்டுயினோ போர்டு), நடுவுல ரெண்டு ஹெச்சி-12 ரேடியோ மாட்யூல், ஸ்பீடு தானே வேணும்னு எல்லாத்தையும் 115200ல வச்சிட்டான். நம்பர் ஒழுங்கா வரும், திடீர்னு நடுவுல கட்டமும் கேள்விக்குறியுமா குப்பை கொட்டும். "ண்ணா, இன்னாண்ணா இது, சிக்னல் கீது ஆனா கிறுக்குது"ன்னான். ஆன்டெனா மாத்துனோம், கெப்பாசிட்டர் போட்டோம், ட்ரான்ஸ்பார்மர் மேல பழி போட்டோம். மூணாம் நாள் தான் புத்தி வந்து ரேடியோவ கழட்டிட்டு ரெண்டு போர்டையும் வயர்ல நேரா கோத்தோம் (நானோ 5 வோல்ட், ப்ரோ மினி 3.3, நடுவுல ரெசிஸ்டர் போடாம கோக்காதீங்க, கிரவுண்டையும் மறக்காதீங்க). குப்பை இன்னும் ஜாஸ்தியா வந்துச்சு! அப்ப குத்தம் காத்துல இல்ல.

கணக்கு போட்டா தெரியுது. போர்டு கிளாக்க (அந்த 8, 16 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு தான்) முழு நம்பரால தான் வகுக்க முடியும், அதனால 115200 கேட்டா 16 மெகாஹெர்ட்ஸ் போர்டு 117647 பாட் ஓட்டுது, 8 மெகாஹெர்ட்ஸ் போர்டு 111111 ஓட்டுது. ஒண்ணு முந்துது இன்னொண்ணு பிந்துது. சீரியல்ல தனியா கிளாக் வயர் கிடையாது, ஸ்டார்ட் பிட்ட பாத்து எண்ண ஆரம்பிச்சா பத்தாவது பிட்டு வரைக்கும் ஒரு பிட்டுக்கு 8.68 மைக்ரோசெகண்டுன்னு நம்பி ஓடணும், கடைசி பிட்டுக்குள்ள அரை பிட்டு தள்ளிப்போனா போச்சு. 38400ல வச்சா ரெண்டு போர்டுமே 38461 ஓட்டுது, பிசிறு இல்ல. அவனுக்கு தேவை செகண்டுக்கு 3200 பைட்டு, 38400ல 3840 பைட்டு போவும், வேற இன்னா வேணும்? மாத்துனதும் கிறுக்கல் நின்னுடுச்சு. காத்துல ஓடுற வேகம் தனி சமாச்சாரம், சீரியல் 38400னு வச்சா இந்த மாட்யூல் ரேடியோல 58000 பிட்டு வேகத்துல அனுப்பிக்கும், அத பாட் ரேட்டுன்னு சொல்லி ரெண்டையும் கலக்காதீங்க.

தமிழ்ல எப்படி எழுதலாம்னா, 'பாட்'ட அப்படியே விட்டுடலாம், வோல்ட், வாட், ஆம்பியர் மாதிரி ஆள் பேர்ல வந்த அலகு, மொழிபெயர்க்க ஒண்ணுமில்ல. 'ரேட்'டுக்கு தான் நெறைய பேர் 'விகிதம்'னு போடுறாங்க, அது ரெண்டு அளவ ஒப்பிடுறதுக்கு உள்ள வார்த்தை, நேரத்துக்கு இவ்ளோன்னு சொல்ல 'வீதம்' தான் சரி. ஆக 'பாட் வீதம்'. அலகு பேர் இல்லாம பொருள மட்டும் சொல்லணும்னா 'குறி வீதம்'னு எழுதலாம், 'குறியீட்டு வீதம்'னு நீட்டாதீங்க, குறியீடுன்னா மொத்த அட்டவணையும் ஞாபகம் வரும், இங்க எண்ணுறது ஒத்த ஒத்த குறிய. பிட்டுக்கு 'பிட் வீதம்'. அப்புறம் 'செகண்டுக்கு 38400 பாட்'னு யாராவது எழுதுனா திருத்துங்க, பாட்டுக்குள்ளயே 'செகண்டுக்கு' இருக்கு, அது 'நடு சென்டர்'ங்கிற மாதிரி.