பெட்டிகள் சரி, அம்புக்குறி யாருடையது?

பெரிய நிறுவனம் ஒன்றின் மென்பொருள் வரைபடத்தை விரித்தால் பெட்டிகளும் அம்புக்குறிகளும் தெரியும். 'ஆர்டர்' என்று ஒரு பெட்டி, 'பில்லிங்' என்று ஒரு பெட்டி, நடுவே ஓர் அம்பு. பெட்டிக்குப் பெயர் உண்டு, பட்ஜெட் உண்டு, பார்த்துக்கொள்ள ஒரு குழுவும் உண்டு. அம்புக்கு இதில் எதுவுமே கிடையாது. ஆனால் திட்டம் இழுத்துக்கொண்டே போவதற்கும், ஒரே ஆர்டருக்கு இரண்டு பில் கிளம்புவதற்கும் காரணம் தேடிப் போனால் பெரும்பாலும் ஓர் அம்பில்தான் போய் நிற்போம்.

அந்த அம்பு என்ன சொல்கிறது? ஆர்டர் விழுந்த நொடியே பில்லிங்கைக் கூப்பிடுகிறதா, அல்லது இரவு மொத்தமாக ஒரு ஃபைல் போகிறதா? பில்லிங் படுத்துவிட்டால் ஆர்டர் எடுப்பதும் நின்றுவிடுமா? ஒரே தகவல் இரண்டு தடவை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? வரைந்தவர் "கட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டிருப்பார். கட்டுகிறவரோ "படத்தில் அம்பு இருக்கிறது, அப்படியானால் முடிவெடுத்துவிட்டார்கள்" என்று நினைத்திருப்பார். எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்சரையும் (நிறுவனத்தின் அமைப்புகளை மொத்தமாகத் திட்டமிடுவது) சிஸ்டம் இன்டக்ரேஷனையும் (அந்த அமைப்புகளை ஒன்றோடொன்று இணைப்பது) ஒத்திசைய வைப்பது என்றால், நடைமுறையில் இந்த அம்புக்கு ஒரு சொந்தக்காரரையும் ஓர் ஒப்பந்தத்தையும் கொடுப்பதுதான்.

இரண்டும் வேறு வேறு இடத்தில் வளர்ந்த துறைகள். ஆர்கிடெக்சர் பக்கத்தில், ஐபிஎம்மில் இருந்த ஜான் ஸாக்மன் 1987இல் எழுதிய கட்டுரை ஒரு தொடக்கப்புள்ளி. இன்று பலரும் கைக்கொள்ளும், தி ஓப்பன் குரூப் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பின் டோகாஃப் வழிமுறை 1995இல் முதலில் வெளிவந்தது. அதன் மையத்தில் ஏடிஎம் (ஆர்கிடெக்சர் டெவலப்மென்ட் மெத்தட்) என்ற சுழற்சி இருக்கிறது. ஆயத்தக் கட்டத்துக்குப் பிறகு ஏ முதல் எச் வரை எட்டுக் கட்டங்கள். ஏ-யில் இலக்கு, பி-யில் வணிகம், சி-யில் தரவும் பயன்பாடுகளும், டி-யில் தொழில்நுட்பம். ஈ-யும் எஃப்-பும் இன்றைய நிலையிலிருந்து இலக்குக்குப் போகும் வழி. ஜி கட்டுமானத்தைக் கண்காணிப்பது, எச் பிற்பாடு வரும் மாற்றங்களைக் கையாள்வது. ஒருங்கிணைப்புப் பொறியாளர் வழக்கமாக ஈ-யிலோ எஃப்-பிலோதான் உள்ளே வருகிறார். தாமதம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஏனென்றால் அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கான விடை சி-யிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒருங்கிணைப்பின் வேர், விண்கலம் போன்ற பெரிய பொறியியல் வேலைகளில் இருக்கிறது. அங்கிருந்து வந்த எளிய கருவி ஒன்று என்-ஸ்கொயர் அட்டவணை. அமைப்புகளை மூலைவிட்டத்தில் வரிசையாக எழுத வேண்டும். ஒன்றிலிருந்து வெளியேறுவது அதன் கிடைவரிசையில் வரும், உள்ளே வருவது நெடுவரிசையில் வரும். 20 அமைப்புகள் என்றால் மூலைவிட்டம் போக 380 கட்டங்கள். பெரும்பாலானவை காலியாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் காலிக் கட்டமும் ஒரு பதில்: "இவற்றுக்குள் தொடர்பில்லை என்று உறுதியாகச் சொல்கிறோம்." அம்புப் படத்தில் விடுபட்டதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியாது. அட்டவணையில் தெரியும். வரைபடக் கருவிக்கு உரிமம் வாங்குவதற்கு முன் ஒரு விரிதாளில் இதைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அட்டவணையும் ஆவணமும் மட்டும் போதாது என்பதற்கு 1999 செப்டம்பரில் செவ்வாயில் அழிந்த நாசாவின் விண்கலம் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் சாட்சி. இடைமுக விவரக்குறிப்பு எழுதப்பட்டிருந்தது. உந்துதலின் அளவை நியூட்டன்-விநாடியில் தர வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருந்தது. தரையிலிருந்த மென்பொருள் ஒன்று பவுண்டு-விசை விநாடியில் தந்தது. இரண்டுக்கும் இடையே 4.45 மடங்கு வித்தியாசம். எண் எண்ணாகவே வந்தது, அலகு மாறியிருப்பதை எந்த நிரலும் காட்டவில்லை. மாதக்கணக்கில் சேர்ந்த சிறு சிறு பிழைகளால் கலம் சுமார் 57 கி.மீ. உயரத்துக்கு இறங்கி வளிமண்டலத்தில் சிக்கியது. ஒப்பந்தம் இருந்தும், ஓடுகிற மென்பொருள் அதை மதிக்கிறதா என்று முனையிலிருந்து முனைவரை யாரும் சோதிக்கவில்லை.

ஆகவே சி கட்டத்திலேயே ஒவ்வொரு அம்புக்கும் ஒரு பக்கத்தில் ஓர் இணைப்புச் சீட்டு எழுதலாம். எந்த நிகழ்வு இதைத் தூண்டுகிறது, இந்தத் தரவுக்கு மூல உரிமை எந்த அமைப்பிடம், உச்ச நேரத்தில் விநாடிக்கு எத்தனை, ஒரு செய்தியின் அளவு என்ன, மறுமுனை இல்லாதபோது இந்த முனை என்ன செய்யும், வரிசை மாறி வந்தால் பரவாயில்லையா, தனிநபர் தகவல் ஏதும் இருக்கிறதா, நள்ளிரவில் உடைந்தால் எந்தக் குழுவை எழுப்புவது. முக்கியமான கேள்வி ஒன்று தனியாக இருக்கிறது: தகவல் எவ்வளவு பழையதாக இருக்கலாம்? கேட்டால் எல்லோரும் "உடனே வேண்டும்" என்பார்கள். "5 நிமிடம் தாமதமானால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று திருப்பிக் கேட்டால்தான் உண்மையான விடை வரும். பல சமயம் ஒரு மணி நேரம்கூடப் போதுமானதாக இருக்கும்.

இந்த ஒரு விடை கட்டுமானத்தையே மாற்றிவிடும். ஆர்டர் அமைப்பு தன் வேலையை முடிக்க இருப்பு, விலை, வரி, பணம், பில்லிங் என்று ஐந்தையும் நேரடியாகக் கூப்பிட்டு, ஐந்தின் பதிலுக்கும் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 99.9 சதவீத நேரம் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் 30 நாள் மாதத்தில் ஒவ்வொன்றும் சுமார் 43 நிமிடம் விழும். விழுவது ஒன்றையொன்று சாராமல் நடந்தால் 0.999ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். 99.5 சதவீதம் வருகிறது, அதாவது மாதத்துக்கு மூன்றரை மணி நேரத்துக்குமேல் ஆர்டர் எடுக்க முடியாது. ஐந்து குழுக்களும் தங்கள் இலக்கை எட்டிவிட்டதாக அறிக்கை கொடுப்பார்கள், வாடிக்கையாளருக்கு மட்டும் கடை மூடியிருக்கும். பில்லிங் ஒரு மணி நேரம் பின்தங்கலாம் என்று சீட்டில் இருந்தால் அதைச் செய்தி வரிசைக்கு, அதாவது பெறுகிறவர் எடுத்துக்கொள்ளும்வரை செய்திகள் காத்திருக்கும் இடத்துக்கு, தள்ளிவிடலாம், பெருக்கலில் ஓர் எண் குறையும். நேரடி அழைப்பா, வரிசையா என்பதை ஏபிஐ (அமைப்புகள் ஒன்றையொன்று கூப்பிடும் இடைமுகம்) எழுதுகிறவரின் ரசனைக்கு விடுவது தவறு. அது ஆர்கிடெக்சர் முடிவு.

எத்தனை இணைப்பு என்பதிலும் கணக்கு இருக்கிறது. 20 அமைப்புகள் ஒவ்வொன்றும் மற்றவற்றோடு நேரே பேசினால் 190 ஜோடிகள். நடுவே எல்லோருக்கும் பொதுவான தரவு வடிவம் ஒன்றை வைத்தால், அமைப்புக்குப் போக ஒன்றும் வர ஒன்றுமாக 40 மாற்றிகளே போதும். இந்தக் கணக்கில் மயங்கி, 'வாடிக்கையாளர்' என்றால் என்ன என்று நிறுவனம் முழுவதற்கும் ஒரே வரையறை எழுத உட்கார்கிறவர்கள் உண்டு. விற்பனைக்கு வாடிக்கையாளர் என்பவர் ஆர்வம் காட்டிய ஆள், பில்லிங்குக்குப் பணம் கட்டுகிறவர், டெலிவரிக்குப் பொருளை வாங்கிக்கொள்ளும் முகவரி. மூன்றையும் ஒன்றாகக் குழைத்தால் 300 புலங்கள் (தகவல் கட்டங்கள்) கொண்ட வடிவம் வரும், அதில் 280 எப்போதும் காலியாகவே இருக்கும். பொது வடிவத்தை அடையாள எண், நிலை, தொகை, நேரம் என்று உண்மையிலேயே எல்லோரும் பகிர்கிற சில புலங்களோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை அந்தந்த எல்லைக்குள் விடுவதே தாக்குப்பிடிக்கும்.

இனி அம்பு எப்படி உடைகிறது என்று பார்ப்போம். ஆர்டர் பக்கம் 10 விநாடி காத்திருக்கிறது, பில்லிங் தன் டேட்டாபேஸுக்காக 30 விநாடி காத்திருக்கிறது. 12ஆம் விநாடியில் பில் உருவாகிறது, ஆனால் அதற்குள் ஆர்டர் "தோல்வி" என்று சொல்லிவிட்டது. பயனர் மறுபடி அழுத்துகிறார், இரண்டாவது பில் பிறக்கிறது. உள்ளே இருப்பவரின் டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) வெளியே இருப்பவருடையதைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி எளியது. ஆனால் இரண்டு குழுக்களின் அமைவுக் கோப்புகளை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாததால் அது மீறப்படுகிறது. மறுமுயற்சியும் இப்படித்தான். வரிசையாக மூன்று அடுக்குகள், ஒவ்வொன்றும் மொத்தம் மூன்று தடவை முயலும் என்றால், ஏற்கெனவே தள்ளாடும் கடைசி அமைப்பின் மேல் ஒரே கோரிக்கைக்கு 27 அடி விழும். எந்த அடுக்கு மறுமுயற்சி செய்யலாம் என்பதைச் சீட்டில் எழுதி, மற்ற அடுக்குகளில் அணைத்துவிட வேண்டும். முயற்சிகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதும், எல்லோரும் ஒரே நொடியில் திரும்பி வராதபடி அதில் கொஞ்சம் தற்செயலைக் கலப்பதும் அவசியம்.

இரட்டைப் பதிவைத் தடுக்க, கோரிக்கை பிறக்கும் இடத்திலேயே ஒரு தனித்த சாவி (அடையாளக் குறி) கொடுக்கப்படுகிறது. பெறுகிறவர் அதைத் தன் டேட்டாபேஸில் ஒரே சாவி இரண்டு முறை பதிவாகாத தனித்தன்மைக் கட்டுப்பாட்டோடு சேமித்து, மறுபடி வந்தால் பழைய பதிலையே தருவார். இதில் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். சாவியை, கோரிக்கைகள் கடந்துபோகும் இடைவாசலான கேட்வே உருவாக்கினால் பயனரின் இரண்டாவது அழுத்தத்துக்குப் புதுச் சாவி வந்துவிடும். சாவிகளை 24 மணி நேரத்தில் அழித்துவிட்டு, செய்தி வரிசையை 7 நாள் வைத்திருந்தால், மூன்றாம் நாள் பழைய செய்திகளை மறுபடி ஓட்டும்போது எல்லாம் இரண்டாவது முறை பதிவாகும்.

அனுப்புகிற பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆர்டரை டேட்டாபேஸில் எழுதி முடித்து, செய்தியை வரிசையில் போடுவதற்குள் சர்வர் விழுந்தால் ஆர்டர் இருக்கும், பில் வராது. செய்தியை முதலில் போட்டால் தலைகீழாக, பில் இருக்கும், ஆர்டர் இருக்காது. அதனால் அனுப்ப வேண்டிய செய்தியையும் அதே டேட்டாபேஸில் ஒரு 'அவுட்பாக்ஸ்' அட்டவணையில், இரண்டும் சேர்ந்தே பதிவாகும் அல்லது இரண்டுமே பதிவாகாதபடி, அதே டிரான்ஸாக்‌ஷனில் எழுதி வைக்கிறார்கள். தனி நிரல் ஒன்று அங்கிருந்து எடுத்து அனுப்பும். அது சில சமயம் இரண்டு முறை அனுப்பிவிடும். பெறுகிற பக்கத்தில் சாவி இருந்தால் அதனால் கேடில்லை.

தரவின் வடிவத்தில் ஒளிந்திருப்பவை இன்னும் அற்பமானவை, கண்டுபிடிக்க இன்னும் கடினமானவை. அடையாள எண்ணை ஜேசான் என்ற தரவுப் பரிமாற்ற வடிவத்தில் எண்ணாகவே அனுப்பினால், ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் 9007199254740991ஐத் தாண்டியதும் கடைசி இலக்கம் மாறக்கூடும். எழுத்துச்சரமாக அனுப்பினால் தொல்லையில்லை. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், 'கி' என்ற ஓர் எழுத்தே 6 பைட். நீளத்தைப் பைட்டில் எண்ணும் 30 இட நெடுவரிசைக்குள் வெறும் 10 குறியீடுகள்தான் அடங்கும். நேர மண்டலம் குறிக்காத தேதி, பகலில் சோதித்தால் சரியாகவே இருக்கும், நள்ளிரவை ஒட்டிய பதிவுகளில் மட்டும் ஒரு நாள் பிசகும்.

ஈ, எஃப் கட்டங்களில் ஆர்கிடெக்ட்கள் இன்றைய படத்தையும் இலக்குப் படத்தையும் அழகாக வரைவார்கள். நிறுவனம் நீண்ட காலம் வாழப்போவது இரண்டுக்கும் நடுவில். பழைய பில்லிங்குக்கு 6 இணைப்பு, புதியதற்கு 6 என்றால், மாறும் காலத்தில் 12, கூடவே பழையதும் புதியதும் ஒன்றையொன்று ஒத்துப்போகச் செய்யும் பாலம். டோகாஃப் இதை இடைநிலை ஆர்கிடெக்சர் என்று தனியாகவே கேட்கிறது. பலர் அதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இடைநிலை ஒவ்வொன்றுக்கும் தனி என்-ஸ்கொயர் அட்டவணை போடுங்கள். ஒரு பதிவை எழுதும் உரிமை எந்த நாளிலும் ஒரே அமைப்புக்குத்தான் இருக்க வேண்டும். இருபக்கமும் எழுதவிட்டால் எது உண்மை என்று பிற்பாடு தீர்ப்பு சொல்ல யாராலும் முடியாது. தினமும் இரண்டையும் ஒப்பிடும்போது பதிவு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். ஒன்று தொலைந்து இன்னொன்று இரட்டித்தால் எண்ணிக்கை சரியாகவே வரும். சாவிவாரியாக ஒப்பிட்டு, தொகைகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பாலத்தை அகற்றும் தேதியும் அதற்கான பணமும் அதே திட்டத்திலேயே ஒதுக்கப்படாவிட்டால், 'தற்காலிகப்' பாலம் எல்லோரையும்விட அதிக நாள் வாழும்.

ஜி கட்டத்தின் கண்காணிப்பு பெரும்பாலும் கூட்டமும் கையெழுத்துமாகக் கழிகிறது. சீட்டில் எழுதியதில் பாதியை எந்திரமே சோதிக்கும். பெறுகிறவர் எதிர்பார்க்கும் வடிவத்தைச் சோதனையாக எழுதி, அனுப்புகிறவரின் பில்டில் (நிரலை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கட்டத்தில்) ஓடவிட்டால், புலம் ஒன்றை நீக்கினாலோ பெயர் மாற்றினாலோ வெளியீடு அங்கேயே நிற்கும். எந்திரத்திடம் சிக்காதது பொருள் மாற்றம். 'தொகை' நேற்றுவரை வரி சேராதது, இன்று வரி சேர்ந்தது. வகை அதேதான், பெயரும் அதேதான். செவ்வாய்க் கலத்தைக் கொன்ற அதே வகைப் பிழை. இதற்கு, விடை முன்கூட்டியே தெரிந்த சில உண்மையான ஆர்டர்களை முனைமுதல் முனைவரை ஓட்டி, கடைசி பில்லில் வரும் தொகையைச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓடும் அமைப்புகளிலிருந்து ஆர்கிடெக்சர் களஞ்சியத்துக்குத் தகவல் திரும்பிப் போவதும் வேண்டும். ஓப்பன்டெலிமெட்ரி போன்ற கண்காணிப்புக் கருவிகளின் ட்ரேஸ் பதிவுகளிலிருந்து (ஒரு கோரிக்கை கடந்துபோன தடம்) எது எதைக் கூப்பிடுகிறது என்ற வலை தானாகவே கிடைக்கும். அதை ஆர்க்கிமேட் (ஆர்கிடெக்சரை வரையும் குறிமொழி) மாதிரியோடு ஒப்பிட்டால், ஓடுகிறது ஆனால் படத்தில் இல்லை என்ற அம்புகள் வெளியே வரும். முதல் ஒப்பீட்டில் இந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். ஒரு நிறுவனத்தின் மென்பொருள் அதன் பேச்சுவழித் தொடர்புகளை ஒத்திருக்கும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968லேயே எழுதிவிட்டார். பேசிக்கொள்ளாத இரு குழுக்களுக்கு நடுவே பெரும்பாலும் ஓர் இரவு ஃபைலோ, ஒருவர் டேட்டாபேஸை மற்றவர் நேரடியாகப் படிக்கும் கள்ளவழியோதான் இருக்கும். இவை பெரும்பாலும் ட்ரேஸில் தெரியாது. டேட்டாபேஸ் உள்நுழைவுப் பதிவையும் ஃபைல் பரிமாற்ற சர்வரின் லாகையும் தனியாகத் தோண்ட வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில், படத்தில் இருக்கிறது ஆனால் ஓடவில்லை என்று தெரியும் அம்புகளை அவசரப்பட்டு நீக்கக் கூடாது. 30 நாள் பதிவில் வராத இணைப்பு, நிதியாண்டு முடிவில் ஒரே ஒரு முறை ஓடுவதாக இருக்கலாம். முதலில் வேலை நேரத்தில் ஓரிரு மணி நேரம் மட்டும் அணைத்து, யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு முழு நாள். ஆண்டு முடிவுக் கணக்கு ஒரு முறை தாண்டிய பிறகே நிரலையும், ஃபயர்வால் விதியையும், அதற்கென்று வைத்திருந்த கடவுச்சொல்லையும் சேர்த்து நீக்க வேண்டும். பலரும் மறப்பது கடைசியாகச் சொன்ன கடவுச்சொல்லைத்தான்.