மீட்டரைத் திட்டுவதற்கு முன் டயரை அளந்து பாருங்கள்

காட்பாடியிலிருந்து போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் வந்தார். சில நூறு ரூபாய்க்கு வாங்கிய சைக்கிள் மீட்டரைக் கழற்றி என் மேசைமேல் வைத்து, "இது டூப்ளிகேட் அண்ணா, தூரத்தைக் குறைத்துக் காட்டுகிறது. நல்ல ஜி.பி.எஸ். மீட்டராகச் சொல்லுங்கள்" என்றார். அதற்காக வீட்டில் பணமும் கேட்டு வைத்திருக்கிறார். அவருடைய வண்டி 29 அங்குலம். மீட்டரில் பதிந்திருந்த சுற்றளவு எண்ணோ 26 அங்குலச் சக்கரத்துக்கு உரியது. எண்ணை மாற்றியதும் கோளாறு தீர்ந்தது. இதே புகார் என் பட்டறைக்கு மாதந்தோறும் வருகிறது. ஆள்தான் வேறு, காரணம் எப்போதும் ஒன்றே. வாய்வலிக்கச் சொல்லி ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தவறான நம்பிக்கை. விலை கூடினால் துல்லியம் கூடும், ஜி.பி.எஸ். இருந்தால்தான் தூரம் சரியாக வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். சாதாரண மீட்டர் எப்படி வேலை செய்கிறது? ஸ்போக் கம்பியில் ஒரு காந்தம், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஒரு சென்சார்; சக்கரம் ஒரு சுற்று வரும்போது காந்தம் சென்சாரைக் கடக்கிறது, மீட்டர் ஒன்று என எண்ணிக்கொள்கிறது. அந்த எண்ணிக்கையை நீங்கள் கொடுத்த சுற்றளவால் பெருக்குகிறது. இதில் விலை குறைந்த மீட்டர் பொய் சொல்ல இடமே இல்லை. நீங்கள் தவறான சுற்றளவைக் கொடுத்தால் தவறான விடையைத் தரும், அவ்வளவுதான்.

ஜி.பி.எஸ். கருவி அப்படி அல்ல. அது நீங்கள் இருக்கும் இடத்தை அவ்வப்போது குறித்துக்கொண்டு, புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கிறது. நேரான நெடுஞ்சாலையில் இதனால் பெரிய வேறுபாடு வராது. ஏலகிரிக்கு ஏறும் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், அமிர்தி பக்கம் மரங்கள் மூடிய பாதையிலும் புள்ளிகள் விலகலாம், வளைவின் ஓரம் வெட்டுப்படலாம். உயர் விலைக் கருவிகளைச் செய்யும் நிறுவனங்களே சக்கரத்தில் மாட்டும் வேக சென்சாரைத் தனியாக விற்கின்றன. ஏன் விற்கின்றன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஜி.பி.எஸ். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரைபடம் வேண்டும், போன பாதை பதிவாக வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வேலூரில் தொரப்பாடியிலிருந்து பாகாயம் வரை தினமும் போய்வருகிறவருக்கு வரைபடம் எதற்கு?

தவறான எண் செய்யும் கெடுதல் சிறியதன்று. 29×2.1 (29 அங்குலச் சக்கரம், 2.1 அங்குலப் பருமன்) டயரின் சுற்றளவு சுமார் 2288 மி.மீ.; 26×1.95 டயருடையது சுமார் 2050. இரண்டையும் மாற்றிப் போட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் பிழை. நீங்கள் 40 கிலோமீட்டர் ஓட்டியிருப்பீர்கள், மீட்டர் 36-ஐக்கூடத் தொடாது. 20 கி.மீ. வேகத்தைத் திரையில் காண்பதற்காக உண்மையில் 22-க்கு மேல் மிதித்துக்கொண்டிருப்பீர்கள். வேலூர் வெயிலில் இப்படித் தன்னை வதைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சுற்றளவை அறிய யாரையும் கேட்க வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் அளவு அச்சிடப்பட்டிருக்கும்; அதற்குரிய சுற்றளவு பெரும்பாலும் மீட்டரோடு வரும் பட்டியலில் இருக்கும். 29 அங்குலத்துக்கும் 700சி எனப்படும் ரோடு சைக்கிள் சக்கரத்துக்கும் ரிம் விட்டம் 622 மி.மீ.தான், 27.5 அங்குலத்துக்கு 584; 26-க்கு 559. ஆனால் ரிம் ஒன்றாக இருந்தாலும் டயரின் பருமன் மாறினால் சுற்றளவு மாறிவிடும். 700×25 (25 மி.மீ. பருமன்) டயருக்குச் சுற்றளவு 2105 என்றால் 700×32-க்கு 2155. அதனால் பட்டியலைவிட டேப் மேல். காற்றைச் சரியாக அடித்து, வால்வு தரையை நோக்கி நேர் கீழே இருக்கும்போது தரையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். வண்டிமேல் உட்கார்ந்து, வால்வு மறுபடி கீழே வரும்வரை நேராக உருட்டி இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள மில்லிமீட்டர்தான் உங்கள் எண். உட்கார்ந்துதான் உருட்ட வேண்டும். உங்கள் எடையில் டயர் அமுங்கும். 10 மி.மீ. பிசகினால்கூட 200 கிலோமீட்டரில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேறுபாடு வந்துவிடும். சென்னைக்குப் போய் 200 கி.மீ. பிரெவே என்னும் நெடுந்தூர சைக்கிள் பயணம் ஓட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பயணத்தில், எத்தனையாவது கிலோமீட்டரில் திரும்ப வேண்டும் என்ற குறிப்புத்தாளுக்கும் மீட்டருக்கும் பொருந்தாவிட்டால் வழி தவறிவிடும். மைல் கணக்கில் வைத்துவிட்டுப் புலம்புகிறவர்களும் உண்டு. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது? வேகம், அன்றைய தூரம், சராசரி வேகம், மொத்தத் தூரம், ஓடிய நேரம், கடிகாரம். இவை போதும். விடியற்காலையில் கிளம்புகிறவர் திரையில் விளக்கு இருக்கிறதா என்று பார்க்கட்டும். எண்கள் பெரியதாக இருக்கட்டும். சுற்றளவை மில்லிமீட்டராகவே பதிய முடியும் மீட்டரை எடுங்கள். 26, 27, 28 என்று அங்குலத்தை மட்டும் தேர்வு செய்யச் சொல்வது வேண்டாம். மிதிக்கும் வேகத்தைக் காட்டும் வசதி நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்குப் பயன்படும், மற்றவர்களுக்கு அவசியமில்லை.

கலோரிக் கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அடிப்படை மீட்டர்கள் பெரும்பாலும் வேகத்தையும் நேரத்தையும் வைத்தே அதைக் கணக்கிடுகின்றன. ஏற்றமா இறக்கமா, எதிர்க்காற்றா என்று அவற்றுக்குத் தெரியாது. ஏலகிரியிலிருந்து பெடலைத் தொடாமல் இறங்கி வந்தாலும் கலோரி ஏறும்; மூச்சிரைக்க ஏறும்போது எண் மெல்ல நகரும். சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் சிலர் அந்த எண்ணை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டிக் குறைக்கிறார்கள். அதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கம்பி வைத்ததா, கம்பி இல்லாததா என்ற கேள்விக்கு என் பதில் கம்பி வைத்தது. விலை குறைவு, சென்சாருக்கெனத் தனி பேட்டரி கிடையாது. பழைய வகைக் கம்பியில்லா மீட்டர்கள் பக்கத்து வண்டியின் சைகையை வாங்கிக்கொள்வதும், மலிவான எல்.இ.டி. விளக்கால் தடுமாறுவதும் உண்டு. கம்பியை பிரேக் கேபிளோடு சுற்றிக் கட்டுங்கள். ஹேண்டில் திரும்பவும், சஸ்பென்ஷன் ஃபோர்க் அமுங்கவும் சற்றுத் தளர்வு விடுங்கள். அதற்காகத் தொங்கவிடாதீர்கள், ஓடும் சக்கரத்தில் மாட்டினால் நீங்கள்தான் விழுவீர்கள். காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 5 மி.மீ.க்குள் இருக்கட்டும், உரசக்கூடாது.

சித்திரை வெயிலில் வண்டியை வெளியே நிறுத்தினால் திரை கறுத்துப்போகும். பயப்படாமல் நிழலில் வையுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். பல மீட்டர்களில் பேட்டரியைக் கழற்றினால் மொத்தத் தூரம் அழிந்துவிடும் என்பதால், மாற்றும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பட்டன் பேட்டரியைக் குழந்தைகள் கையில் கிடைக்கும்படி போடவே போடாதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடும் ஆபத்து உண்டு. வெளியே வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த நொடியே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சத்துவாச்சாரி சர்வீஸ் சாலையில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: எதிர்த்திசையில் வரும் ஆட்டோவுக்கு உங்கள் சராசரி வேகம் தெரியாது. ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் சரிபார்த்த பிறகும் எண் வரவில்லை என்றால் உங்கள் பகுதி மெக்கானிக்கிடம் போங்கள். மீட்டரை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகாமல் வண்டியோடு போங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காமல் கோளாறு எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது.