ஜெர்மன் சொல்லா, ஆங்கிலக் கடனா? ஒலியை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

ஜெர்மன் மொழியில் 'ட்ஸௌம்' என்றால் குதிரையின் கடிவாளம். 'டீம்' என்றால் குழு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். முதல் சொல் ஜெர்மனிலேயே தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வந்தது. அடுத்தது ஆங்கிலத்தில் பொருள் மாறி, பிற்காலத்தில் ஜெர்மனுக்குள் வந்தது. இதை நமக்குச் சொல்லிவிடுவது சொல்லின் முதல் மெய்யொலி.

ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், ஸ்வீடிஷ், ஐஸ்லாந்திக் எல்லாம் ஒரே தாய்மொழியின் கிளைகள். அந்தத் தாய்மொழி, லத்தீனும் சமஸ்கிருதமும் அடங்கிய பெருங்குடும்பத்திலிருந்து பிரிந்தபோது ப, ட, க ஒலிகள் முறையே ஃப, த்த, ஹ என மாறின. மூன்றைக் குறிக்கும் லத்தீன் 'ட்ரேஸ்', ஆங்கிலத்தில் 'த்ரீ'. கொம்பைக் குறிக்கும் 'கோர்னு', அங்கே 'ஹார்ன்'. டென்மார்க்கின் மொழியியலாளர் ராஸ்க் 1818இலும், ஜெர்மனியின் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822இலும் இதை எழுதினார்கள்.

ஆனால் விதிவிலக்குகள் நிறைய இருந்தன. காரணத்தை 1870களில் டென்மார்க்கின் மொழியியலாளர் கார்ல் வெர்னர் கண்டுபிடித்தார். சமஸ்கிருதத்தில் 'ப்ராதர்' என்பதன் அழுத்தம் முதல் அசையில். 'பிதர்' என்பதன் அழுத்தம் இரண்டாம் அசையில். அழுத்தம் முன்னால் வராத இடத்தில் நடு மெய்யொலி குரல் கலந்து (தொண்டை அதிர்ந்து) மென்மையானது. ஜெர்மனில் சகோதரன் 'ப்ரூடர்', தந்தை 'ஃபாட்டர்' என்று நடு ஒலி வேறுபடுவது அந்தப் பழைய அழுத்தத்தின் எச்சமே. ஜெர்மானிய மொழிகள் தொலைத்துவிட்ட அழுத்தம், அவற்றின் மெய்யொலிகளில் பதிந்து கிடக்கிறது! ஒப்பியல் மொழியியலின் மிக அழகான கண்டுபிடிப்பு இது என்று தயங்காமல் சொல்லலாம்.

இரண்டாவது மாற்றம் ஏறத்தாழ 5 முதல் 8ஆம் நூற்றாண்டுக்குள், தெற்கு ஜெர்மன் வட்டாரங்களில் மட்டும் நடந்தது. 'டென்' அங்கே 'ட்ஸேன்' ஆனது. 'வாட்டர்' 'வாஸர்' ஆனது. 'ஷிப்' 'ஷிஃப்' ஆனது. டச்சு, ஸ்வீடிஷ், ஆங்கிலம் மூன்றும் பழைய ஒலியிலேயே நின்றன. டச்சில் பத்து 'டீன்'. ஸ்வீடிஷில் தண்ணீர் 'வாட்டென்'. 'செய்' என்பதை வடக்கே 'மாக்கென்' என்றும் தெற்கே 'மாஹென்' என்றும் சொல்லும் எல்லைக்கோடு, டுஸ்ஸெல்டோர்ஃபின் பென்ராத் பகுதியில் ரைன் ஆற்றைக் கடக்கிறது.

ஆகவே ஆங்கிலத்தில் உயிரெழுத்துக்கு முன் 'ட' என்று தொடங்கும் சொல், ஜெர்மனிலும் 'ட' என்றே தொடங்கினால் கடன்சொல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சோதனை தவறும் இடங்களும் உண்டு. 'ஸ்' ஒலிக்குப் பின் மாற்றம் நடக்கவில்லை. 'ஸ்டோன்' ஜெர்மனில் 'ஷ்டைன்'. 'ட்ர' கூட்டும் மாறவில்லை. 'ட்ரூ' அங்கே 'ட்ராய்'. ஆங்கில 'டே', ஜெர்மன் 'டாக்' இரண்டும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஆங்கிலத்தில் இருப்பது குரலொலி, ஜெர்மனில் இருப்பது குரலற்ற ஒலி. அது ஒழுங்கான உறவு, கடன் அல்ல.

கடன் வாங்கிய சொல் ஒவ்வொரு மொழியிலும் அந்தந்த இலக்கணத்துக்கு அடங்கியாக வேண்டும். நாம் 'டவுன்லோட் பண்ணினேன்' என்று துணைவினையிடம் காலம் காட்டும் வேலையைக் கொடுத்துவிடுகிறோம். ஜெர்மானிய மொழிகளோ ஆங்கில வினையிலேயே நேராக விகுதி சேர்க்கின்றன. 'சிங், சாங், சங்' போல உயிரொலி மாறும் பழைய முறை புதுச் சொற்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ட, த வகை விகுதிதான். டச்சில் வினையடி குரலற்ற ஒலியில் முடிந்தால் 'te', மற்றபடி அதன் குரலொலி வடிவமான 'de'. எழுத்தைப் பார்க்கக் கூடாது, உச்சரிப்பைக் கேட்க வேண்டும். 'அப்டேட்' போன்ற சொற்களின் இறந்தகாலத்தை எழுதும்போது டச்சுக்காரர்களே தடுமாறுவது இதனால்தான். ஜெர்மனில் வேறு சிக்கல்: 'டவுன்' என்பதைப் பிரியும் முன்னொட்டாகக் கொண்டு, 'கெ' என்ற இறந்தகாலக் குறியை அதற்குப் பின் சேர்ப்பதா, முன் சேர்ப்பதா? 'டவுன்கெலோடெட்', 'கெடவுன்லோடெட்' இரண்டுமே புழக்கத்தில் உள்ளன.

பெயர்ச்சொல்லுக்கு ஜெர்மனில் பால் வேண்டும். 'எர்' என முடியும் 'கம்ப்யூட்டர்' ஆண்பால். 'மீட்டிங்' அஃறிணைப் பால். ஸ்வீடிஷ் எழுத்தையே தன் வழிக்கு மாற்றி 'மெய்ல்', 'டெய்ப்' என்று எழுதிக்கொள்கிறது. ஐஸ்லாந்திக் கடனைத் தவிர்த்து, எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்பவளைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துக் கணினிக்குச் சொந்தப் பெயர் படைத்தது.

இப்படி உள்வாங்கப்பட்ட சொற்கள் எத்தனை ஆயிரம் வந்தாலும் மொழியின் கட்டமைப்பு அசைவதில்லை. கவனிக்க வேண்டியது வேறு இடம். ஸ்வீடிஷில் 'ஹூக்ஹோட்டெர்ஸ்கா' போன்ற தொகைச்சொற்களைச் சேர்த்தே எழுத வேண்டும். செவிலியைக் குறிக்கும் அந்தச் சொல்லை, ஆங்கில வழக்கப்படி இடைவெளி விட்டு எழுதினால் 'நோயுற்ற செவிலி' என்றாகிவிடும். 'புகை கூடாது' என்று ஒரே தொகைச்சொல்லில் சொல்லும் ஸ்வீடிஷ் பலகை, இடைவெளி விழுந்தால் 'தாராளமாகப் புகைக்கலாம்' என்று படிக்கப்படும். டச்சிலும் இதே பிழை பரவலாக உண்டு. ஆங்கிலத் தாக்கம் ஒரு காரணம். தொகைச்சொற்களை அறியாமல் சிவப்புக் கோடு போடும் பிழைதிருத்திகளுக்கும் இதில் பங்குண்டு.

இதைவிடப் பிடிபடாதது சொற்றொடர்க் கடன். ஜெர்மனில் ஆண்டைச் சொல்லும்போது வெறுமனே '2010' என்பார்கள், அல்லது 'ஆண்டு' என்ற சொல்லைச் சேர்த்து 'இம் யார் 2010' என்பார்கள். இப்போது 'இன் 2010' என்று எழுதுவது பெருகிவருகிறது. 'இன்' நல்ல ஜெர்மன் சொல்தான், ஒலியில் எந்தத் தடயமும் இல்லை. இங்கே மெய்யொலிச் சோதனை செல்லாது. தொடரின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.