ஜாமீன் என்றால் பணமா, ஆளா?

"ஜாமீனுக்கு எவ்வளவு கட்டணும்?" எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருநாள் விடிகாலையில் வந்து கேட்டார். அவருடைய மகன் ஒரு கைகலப்பு வழக்கில் கைதாகி ரிமாண்டில் இருந்தான். பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீனில் விடலாம் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. அக்கா அதை இருபதாயிரம் ரூபாய் ரொக்கம் என்று எடுத்துக்கொண்டு, காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். அடகுக் கடை திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அவருக்குத் தேவைப்பட்டது பணம் அல்ல, அவர் மகனுக்காகக் கையெழுத்துப் போட இரண்டு ஆட்கள். இதை அவரிடம் யாருமே சொல்லவில்லை. ஆனால் 'ஜாமீன்' என்ற சொல்லுக்குள்ளேயே இந்த விஷயம் இருக்கிறது.

ஜாமீன் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல். அரபியில் அதற்குப் பொறுப்பேற்கும் ஆள், உத்தரவாதம் சொல்பவர் என்று பொருள். அதாவது அது ஓர் ஆளைக் குறிக்கும் பெயர். இந்தியில் இன்றைக்கும் அந்த ஆளுக்கு 'ஜாமின்' என்றும், பிணையில் விடும் செயலுக்கு 'ஜமானத்' என்றும் இரண்டு தனிச்சொற்கள் உண்டு. தமிழில் ஆளின் பெயரே செயலுக்கும் பெயராகிவிட்டது. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'ஜாமீனு', மராத்தியில் 'ஜாமீன்', மலையாளத்தில் 'ஜாம்யம்' என்று அக்கம்பக்கத்து மொழிகளிலும் இதே சொல் ஓடுகிறது. நவாபுகளும் மராத்தியர்களும் ஆண்ட காலத்து நிர்வாகம் விட்டுப்போன சொற்களில் இது ஒன்று. வக்கீல், அமீனா, ஜப்தி, வாய்தா, ஆஜர், பைசல், ரத்து எல்லாம் அதே கூட்டத்தைச் சேர்ந்தவை.

பேச்சுத் தமிழ் மட்டும் பழைய பொருளை விட்டுவிடவில்லை. "கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டு மாட்டிக்கிட்டேன்", "அவனுக்கு யாரு ஜாமீன் போறது?" என்றெல்லாம் சொல்கிறோமே, அங்கே ஜாமீன் என்பது ஆள்தான். நீதிமன்ற வாசலுக்குப் போனதும் அதே சொல் எப்படியோ பணமாக மாறிவிடுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஜமீன் வேறு, ஜாமீன் வேறு. ஜமீன் என்பது நிலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல், ஜமீன்தார் என்பது அதிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவு எதுவும் கிடையாது. ஆங்கிலத்தில் சொல்லும் 'பெயில்' பழைய பிரெஞ்சில் ஒப்படைப்பதைக் குறித்த வினையிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் போனால் லத்தீனில் சுமை தூக்குபவரைக் குறித்த சொல் நிற்கிறது. கைதானவரைப் பொறுப்பான ஒருவர் கையில் ஒப்படைப்பது, அவர் அந்தப் பாரத்தைச் சுமப்பது என்பதுதான் அங்கேயும் கருத்து.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? பிணை. பிணைத்தல் என்றால் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுதல். களத்தில் நெற்கதிரை மிதிக்க மாடுகளை ஒன்றோடொன்று கழுத்தில் கட்டி ஓட்டுவதைப் பிணையல் என்பார்கள். தொடுத்த மாலைக்கும் பிணையல் என்று பெயர். ஒருவருக்குப் பிணை நிற்பது என்றால் அவரோடு தன்னைக் கட்டிக்கொள்வது. அவர் ஓடிப்போனால் கயிறு இவரையும் இழுக்கும்.

பிணைக்கு முன்னால் 'புணை' என்றொரு வடிவமும் இதே பொருளில் வழங்கியது. புணை என்றால் தெப்பம், துணை, உத்தரவாதம். சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலில் அணையாமல் எரியும் திருநந்தா விளக்குக்கு நெய் கிடைக்க ஆடுகள் கொடுத்த செய்தி நிறைய வரும். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள். அவை 'சாவா மூவாப் பேராடுகள்'. மந்தையில் எது செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையக் கூடாது, நெய் தினமும் வந்தாக வேண்டும். ஆடுகளை வாங்கிக்கொண்ட இடையர் தவறினால் நாங்கள் பொறுப்பு என்று சிலர் புணைப்படுவார்கள். ஆக, இந்த ஏற்பாட்டுக்கு வெளியிலிருந்து சொல் கடன் வாங்க வேண்டிய நிலையில் தமிழ் ஒருகாலத்திலும் இருந்ததில்லை. எனக்கு இந்தப் புணை ரொம்பப் பிடிக்கும். வெள்ளத்தில் போகிறவனுக்குத் தெப்பம், வழக்கில் சிக்கியவனுக்குப் பிணையாளர், இரண்டுக்கும் ஒரே சொல்!

இந்தச் சொல் இலங்கைத் தமிழர் நடுவே இன்றும் அன்றாட வழக்கில் இருக்கிறது. அங்கே செய்தித்தாள்கள் 'பிணையில் விடுதலை' என்றுதான் எழுதுகின்றன. ஆள் பொறுப்பேற்றால் சரீரப் பிணை, பணம் கட்டினால் காசுப் பிணை. இட்லிக் கடை அக்காவைக் குழப்பிய விஷயத்தை அந்த இரண்டு தொடர்களும் படிக்கும்போதே பிரித்துக் காட்டிவிடுகின்றன. தமிழ்நாட்டிலும் சட்ட மொழிபெயர்ப்புகளில் பிணை, பிணையாளர், பிணைமுறி என்றே வரும். முறி என்றால் எழுதிக்கொடுத்த பத்திரம். பேச்சிலும் செய்திகளிலும் மட்டும் ஜாமீன் நிற்கிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மக்கள் வாயில் பல தலைமுறை பழகிய சொல் அது, பேச்சில் தாராளமாக இருக்கட்டும். என் ஆதங்கமெல்லாம் வேறொரு தொடரின் மேல்தான்.

"ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவுகளின் கீழ் வழக்குப் பதிவு." இந்த வரியை நாம் செய்திகளில் எத்தனை தடவை படித்திருப்போம்! இது தவறான மொழிபெயர்ப்பு. இதைப் படிக்கிற குடும்பம், வழக்கு முடியும்வரை ஆள் உள்ளேதான் என்று இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதற்கு முன்பிருந்த 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் போலவே, குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகையில் பிணை என்பது கைதானவரின் உரிமை. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியது, அடித்து லேசான காயம் உண்டாக்கியது போன்றவை இந்த வகை. பிணை கொடுக்க அவர் தயாராக இருந்தால் காவல் நிலையத்திலேயே விட வேண்டும், இதைத்தான் 'ஸ்டேஷன் பெயில்' என்கிறோம். 478-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. வாரண்ட் இல்லாமல் இப்படி ஒருவரைக் கைது செய்யும்போது, உங்களுக்குப் பிணையில் போக உரிமை உண்டு, ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று போலீஸாரே சொல்ல வேண்டும். அது 47-ஆவது பிரிவு. நாம் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டிய தகவல் அல்ல இது, கேட்காமலே சொல்ல வேண்டிய கடமை.

இரண்டாவது வகையில் பிணை உரிமை கிடையாது, ஆனால் கிடைக்கக்கூடியது. குற்றத்தின் தன்மை, சாட்சிகளைக் கலைக்கும் வாய்ப்பு, ஆள் தப்பி ஓடுவாரா என்பதையெல்லாம் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். கொலை வழக்கிலும் பிணை கிடைத்தது உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டம், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் போன்றவற்றில் தடை கூடுதல், அங்கேயும் கதவு முழுக்க மூடியிருப்பதில்லை. பிணை 'உரிமையல்லாத' பிரிவு என்று எழுதினால் சரியாக இருக்கும். 'நீதிமன்றம் முடிவு செய்யும் பிரிவு' என்றால் இன்னும் தெளிவு. 'வெளிவர முடியாத' என்று எழுதுவது பொய்யான தகவல், பத்திரிகை நண்பர்கள் இதை மாற்ற வேண்டும்.

பணத்துக்கு வருவோம். பத்தாயிரம் ரூபாய் பிணை என்றால், வாய்தாவுக்கு ஒழுங்காக வருவேன், வராவிட்டால் அந்தத் தொகைக்குப் பொறுப்பு என்று எழுதிக்கொடுப்பது. பிணையாளரும் அதையே எழுதிக்கொடுப்பார். ஆள் தலைமறைவானால் பிணைமுறி பறிமுதலாகும், தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று நீதிமன்றம் பிணையாளரிடம் கேட்கும். அதனால் தெரியாத ஆளுக்குக் கையெழுத்துப் போடத் தயங்குவதில் தப்பில்லை. ஆள் கிடைக்காதபோது பிணைமுறிக்குப் பதிலாக ரொக்கம் கட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம், அது மாற்று வழிதான். புதிய சட்டத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. பழைய சட்டம் பிணை என்றால் என்ன என்று எங்குமே வரையறுக்கவில்லை, புதியது வரையறுத்திருக்கிறது. பிணையாளரோடு எழுதிக்கொடுப்பது ஒன்று, பிணையாளர் இல்லாமல் தானே எழுதிக்கொடுப்பது இன்னொன்று என்று இரண்டையும் தனித்தனியே சொல்கிறது. இரண்டாவதை நம் ஊரில் 'சொந்த ஜாமீன்' என்போம்.

இந்தச் சொந்த ஜாமீனுக்குப் பின்னால் ஒரு கொத்தனாரின் கதை இருக்கிறது. 1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் அந்த ஏழைக் கொத்தனாருக்குப் பிணை கொடுக்கலாம் என்று உத்தரவாகியும், மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணையாளர் கேட்டார். கொத்தனாரின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். தலசேரியில் வக்கீலாக இருந்து, கேரளத்தில் அமைச்சராகவும் இருந்து, பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதியான வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த வழக்கை விசாரித்தார். ஒரு தமிழரோ மலையாளியோ கன்னடரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சவுக்கிலோ கைதானால், அங்கே சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார் என்று தீர்ப்பிலேயே கேட்டார். கடைசியில் ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் கொத்தனாரை விடச் சொன்னார். பிணையே விதி, சிறை விதிவிலக்கு என்று அதற்கு முந்தைய ஆண்டு பால்சந்த் வழக்கில் சொன்னவரும் அவர்தான்.

இருந்தும் உள்ளூர் ஆள் கேட்பது நிற்கவில்லை. பிணை உத்தரவு கையில் இருந்தும் பிணையாளர் கிடைக்காமல் சிறையிலேயே இருப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகளை வகுத்தது. பிணை உத்தரவின் நகல் அன்றைக்கே அல்லது மறுநாளே சிறை வழியாகக் கைதிக்குக் கிடைக்க வேண்டும். ஏழு நாளில் அவர் வெளியே வரவில்லையென்றால் இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைமுறி கொடுக்க முடியவில்லையென்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். பிணை உரிமையாக உள்ள குற்றங்களில் சட்டமே வழி வைத்திருக்கிறது. கைதாகி ஒரு வாரத்தில் பிணையாளரைத் தர முடியாதவரை வசதியற்றவர் என்று எடுத்துக்கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும்.

காலக்கெடுவால் வரும் பிணையும் ஒன்று உண்டு. வக்கீல்கள் 'ஸ்டாச்சுட்டரி பெயில்' என்பார்கள், 'காலக்கெடுப் பிணை' என்று சொல்லலாம் என்பது என் யோசனை. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் போலீஸார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பிணை உரிமையாகிவிடும். ஆனால் மனுப் போட்டுக் கேட்க வேண்டும், அதுவும் குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பு. நாளைக் கணக்கு வைக்காமல் இதைத் தவறவிட்ட குடும்பங்கள் பல. காலண்டரில் முதன்முதலாக ரிமாண்ட் ஆன நாளை வட்டம் போட்டு வையுங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் முன் ஜாமீன். இங்கே 'முன்' என்பது கைதுக்கு முன் கேட்டு வாங்குவது என்பதைக் குறிக்கிறது. கைது செய்தால் பிணையில் விட்டுவிட வேண்டும் என்ற முன்னுத்தரவு அது, வழக்கே இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பிணை உரிமையல்லாத குற்றச்சாட்டுக்கு மட்டும்தான் அது தேவைப்படும். செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ கேட்கலாம்.

இட்லிக் கடை அக்காவின் தோடு அடகுக் கடைக்குப் போகவில்லை. அவருடைய தம்பியும், எதிர்வீட்டில் இருக்கும் ஆசிரியர் ஒருவரும் ஆதார் அட்டையையும் வீட்டுவரி ரசீதையும் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றபோது, 15100 என்ற எண்ணுக்குப் பேசச் சொன்னேன். அது தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண். கைது செய்யப்பட்டுக் காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் கேட்கும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த ஆசிரியரிடம் அக்கா, "நீங்க எவ்வளவு கட்டினீங்க, சார்?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணும் கட்டலைம்மா. வாய்தாவுக்கு உங்க பையன் ஒழுங்கா வந்துடுவான்னு எழுதிக் கொடுத்திருக்கேன்" என்றாராம் அவர். அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்தா நாளும் அக்கா கடையை மூடிவிட்டு மகனோடு தானும் நீதிமன்றத்துக்குப் போகிறார்.