முதல் முறை பார்க்கும் கிருமி

எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களுக்கு வரும் சந்தர்ப்பவாதத் தொற்றுகளில், அதாவது எதிர்ப்பாற்றல் தளரும் நேரம் பார்த்துத் தாக்கும் தொற்றுகளில், பல பழைய பகைதான். எப்போதோ உடலுக்குள் நுழைந்து அடங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி, எதிர்ப்பாற்றல் தளர்ந்ததும் தலைதூக்குகிறது. கைக்குழந்தைக்குப் பழைய பகை ஏது? எந்தக் கிருமியையும் அது முதல் முறையாகத்தான் பார்க்கிறது. வந்திருப்பது யார் என்று அறிந்து மற்ற அணுக்களை ஏவிவிட வேண்டிய சிடி4 அணுக்களையோ எச்.ஐ.வி. அதற்குள் அரித்துவிடுகிறது.

நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையை எடுத்துக்கொள்வோம். காற்றில் பரவும் இது, பெரும்பாலான குழந்தைகளின் நுரையீரலுக்குள் முதல் சில ஆண்டுகளிலேயே வந்துபோகிறது, வந்ததே பலருக்குத் தெரியாது. எச்.ஐ.வி. உள்ள குழந்தைக்கு மட்டும் அதுவே, பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாத வயதில், உயிர்குடிக்கும் நிமோனியாவாகிறது. மூச்சு வேகமெடுக்கும். ஸ்டெதஸ்கோப்பில் பெரிதாக எதுவும் கேட்காமல் இருக்கலாம்; ரத்தத்தில் ஆக்சிஜனோ சரிந்துகொண்டே போகும்.

இங்கே ஓர் எண் ஏமாற்றும். பெரியவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால் இந்த நிமோனியா அபாயம். கைக்குழந்தைகளுக்கோ அது இயல்பிலேயே இரண்டாயிரம், மூவாயிரம் என்று இருக்கும். ஆகவே 1,500 என்று அறிக்கை வந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. ஐந்து வயதுக்குள் வெறும் எண்ணிக்கையைவிட, லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களில் சிடி4 எத்தனை விழுக்காடு என்பதைப் பல இடங்களில் நம்புவது இதனால்தான்.

குழந்தைக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்று அறிவதும் எளிதல்ல. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் 18 மாதம் வரை தங்கக்கூடும். வழக்கமான சோதனை அவற்றைப் பார்த்தே ‘பாசிட்டிவ்’ என்றுவிடும். வைரஸின் மரபுப்பொருளையே தேடும் பி.சி.ஆர். சோதனை வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு, அதன் முடிவுக்குக் காத்திராமல், நான்கு முதல் ஆறு வார வயதிலேயே இந்த நிமோனியாவைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மருந்தைப் பல நாடுகளில் தொடங்குகிறார்கள். பழைய, மலிவான மருந்து. எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளிடம் ஜாம்பியாவில் நடந்த ஆய்வில் அது இறப்பை 43 விழுக்காடு குறைத்தது. வைரஸையே அடக்கும் கூட்டு மருந்தின் பலன் இன்னும் பெரிது: தென்னாப்பிரிக்காவில், நோய் முற்றக் காத்திராமல் பிறந்த சில வாரங்களிலேயே அதைத் தொடங்கியபோது இறப்பு 76 விழுக்காடு குறைந்ததாக 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கூட்டு மருந்து தொடங்கிய சில வாரங்களில், பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குளில் சில குழந்தைகளுக்கு நெறி கட்டுவதுண்டு. நோய் முற்றுகிறதோ என்று பெற்றோர் பதறுவார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு: மீண்டு வரும் எதிர்ப்பாற்றல், ஊசியில் வந்த உயிருள்ள கிருமியை இப்போதுதான் கண்டுகொண்டு பாய்கிறது.