இரத்தம் குறைந்த உடம்புக்குக் காய்ச்சல் ஏன் பெருஞ்சுமை?

இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் 6 (100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 6 கிராம்) என்று ரிப்போர்ட் வந்த ஒரு பெண், திருகோணமலை உப்புவெளியில் தன் வீட்டு வேலைகளை ஒருமாதிரிச் செய்துகொண்டிருக்கலாம். கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஏறினால் பாதி வழியிலேயே மூச்சு வாங்கும். அவருக்கே கடும் காய்ச்சல் வந்தால், பாயில் படுத்திருக்கும்போதும் அந்த இளைப்பு வரலாம். ஈமோகுளோபின் அதே 6தான். கூடியது உடம்பின் தேவை.

ஒரு கிராம் ஈமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலீட்டர் ஒட்சிசனைச் சுமக்கும். ஈமோகுளோபின் 15 உள்ளவரின் இதயம் நிமிடத்துக்கு 5 லீட்டர் இரத்தத்தை அனுப்பினால், அதோடு ஏறத்தாழ 1000 மில்லிலீட்டர் ஒட்சிசன் போகிறது. சும்மா இருக்கும்போது உடம்பு எடுப்பது 250 மட்டுமே. மீதி முக்கால் பங்கும் கையிருப்பு.

திருகோணமலையிலிருந்து மூதூருக்குச் சாமான் ஏற்றி ஓடும் படகுகள் பாதியாகக் குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற படகுகளை அடிக்கடி ஓட்டவேண்டும், வரும் சாமானை மிச்சம் விடாமல் இறக்கவேண்டும். உடம்பும் இதைத்தான் செய்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது; நீர்த்துப்போன இரத்தம் இலகுவாக ஓடுகிறது; திசுக்கள் கூடுதலாக ஒட்சிசனை எடுக்கின்றன. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இரத்தம் குறைந்திருந்தால், சிவப்பணுக்களில் 2,3-டிபிஜி என்ற பொருள் கூடி, ஒட்சிசன் மேல் ஈமோகுளோபினுக்குள்ள பிடியைத் தளர்த்திவிடும். அதனால்தான் இரும்புச்சத்துக் குறைந்தவர் 5 என்ற அளவோடு கிளினிக்குக்கு நடந்தே வருகிறார். விபத்தில் திடீரென இரத்தம் இழந்தவருக்கு அந்த அவகாசம் இல்லை. அவருக்கு இரத்தத்தின் மொத்தக் கொள்ளளவும் சேர்ந்தே குறைகிறது.

1998இல் சான் பிரான்சிஸ்கோவில் ரிச்சர்ட் வைஸ்கொப் குழுவினர், நலமாக இருந்தவர்களின் ஈமோகுளோபினை 5 வரை இறக்கிப் பார்த்தார்கள். கொள்ளளவு குறையாமல் திரவம் ஏற்றியிருந்தார்கள். உடம்பு சமாளித்தது. ஆனால் அவர்கள் ஓய்வில் இருந்தவர்கள் என்பதை மறக்கக்கூடாது.

சரி, வெப்பத்துக்கு வருவோம். உடல் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் ஒட்சிசன் தேவை சுமார் 10 வீதம் கூடும். 40 பாகைக் காய்ச்சல் என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். நடுக்கம் இன்னும் மோசம். தசைகள் உதறும்போது தேவை இரண்டு மடங்கையும் தாண்டும். இதில் எனக்குப் பெரிய கவலை இதயத்தைப் பற்றியதுதான். மற்ற உறுப்புகள் வரும் ஒட்சிசனில் சராசரியாகக் கால்வாசியை எடுக்க, இதயத்தசை சாதாரண நாளிலேயே பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது. அதற்குக் கையிருப்பு மிகக் குறைவு. போதாததற்கு, துடிப்பு வேகமாகும்போது இதயம் தனக்கு இரத்தம் வாங்கும் ஓய்வு நேரமும் சுருங்கிவிடும். முன்பே இதய இரத்தக்குழாயில் அடைப்பு உள்ள முதியவருக்கு, இளைஞர் தாங்கும் அளவிலேயே நெஞ்சு வலி வருவது இதனால்தான்.

அப்படியானால் உடம்பைக் குளிரவைத்தால் நல்லதுதானே? மயக்கமருந்து கொடுக்கப்பட்டிருப்பவருக்குத் தேவை குறையும் என்பது உண்மை. 28 பாகையில் அது ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆனால் குளிரில் ஈமோகுளோபின் ஒட்சிசனை இறுக்கிப் பிடிக்கும், இரத்தம் தடிக்கும், உறைதலும் கெடும். இரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கு அது ஆபத்து. விழித்திருப்பவருக்கோ நடுக்கம் வந்துவிடும். அதனால் இரத்தம் குறைந்த ஒருவர் காய்ச்சலில் கிடந்தால், ஐஸ் தண்ணீரில் துடைக்காதீர்கள். பரசிற்றமோலை உரிய அளவில் கொடுத்து, எழுந்து நடமாட விடாமல் படுக்கவைத்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டெங்குச் சந்தேகம் இருந்தால் அஸ்பிரினும் இபுப்ரோபனும் வேண்டாம்; அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.