ஸ்டாட்ஸை ‘இயல்பு’ என்று சொன்னால் என்ன?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அஞ்சடியில் (முன்வாசல் நடையில்) போன சனிக்கிழமை ராத்திரி பாயை விரித்து ஐந்து பேர் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். இந்த முறை தமிழிலேயே ஆடுவது என்று முடிவு, அதனால் அக்கா மகன் கதாபாத்திரத் தாளைக் கைப்பேசியில் மொழிபெயர்த்து அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். அவனுடைய வீரனுக்கு வலிமை 15, அரசியலமைப்பு 14.

“மாமா, இவன் எலெக்‌ஷன்ல நிக்கப் போறானா?” என்றாள் அவன் தங்கை.

ஆங்கிலத் தாளில் இருந்த சொல் கான்ஸ்டிடியூஷன், லத்தீனில் சேர்த்து நிலைநிறுத்தியது என்று பொருள். நாட்டைக் கட்டி நிறுத்துவதும் உடம்பைக் கட்டி நிறுத்துவதும் ஆங்கிலத்தில் ஒரே சொல், நமக்கு வேறு வேறு. ‘அவர் உடல்வாகு அப்படி, மழையில் நனைந்தாலும் தும்மல்கூட வராது’ என்கிறோம் அல்லவா, அந்த உடல்வாகுதான் இது.

சரி, வலிமை, உடல்வாகு, அறிவு, விவேகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொதுப்பெயர் வேண்டுமே, அங்கேதான் சிக்கல். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது எபிலிட்டி என்றார்கள், மூன்று பகடை உருட்டி 3 முதல் 18 வரை ஓர் எண். 1977-இல் வந்த டிராவலர் என்ற இன்னோர் ஆட்டம் அதையே கேரக்டரிஸ்டிக் என்றது, 1986-இல் வந்த கர்ப்ஸ் என்ற ஆட்டம் அட்ரிபியூட் என்றது. ஆடுகிறவர்கள் எல்லாவற்றையும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (புள்ளிவிவரம்) என்பதன் சுருக்கமாக ஸ்டாட்ஸ் என்றுவிட்டார்கள். அந்தச் சொல்லே ஸ்டேட், அதாவது அரசு என்பதிலிருந்து வந்ததுதான், ஆக அரசியல் நம்மை விடவில்லை.

தமிழில் முதலில் வாயில் வருவது குணம், அப்புறம் பண்பு. இரண்டும் எனக்குச் சரிப்படவில்லை. ‘உன் பண்பு 6’ என்று ஒருவனிடம் சொல்லிப் பாருங்கள், ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். இரண்டிலும் நல்லது கெட்டது ஒட்டிக்கொண்டிருக்கிறது. திறன் என்றால் பயிற்சியில் வருவது, அது ஸ்கில்லுக்கு வேண்டும். நான் இயல்பு என்கிறேன். ‘இயல்’ என்ற வேரில் இயலும், இயலாது என்பதும் இருக்கிறது, பிறவித் தன்மை என்ற பொருளும் இருக்கிறது. எபிலிட்டி, கேரக்டரிஸ்டிக் இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. எண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லும் புள்ளியே போதும்: இயல்புப் புள்ளி.

தாளில் இருக்கும் இன்னோர் இயல்பான டெக்ஸ்டிரிட்டி லத்தீனில் வலக்கையிலிருந்து பிறந்தது (இடக்கைக்காரர்கள் மன்னிக்கவும்). பையன் ‘திறமை’ என்று போட்டிருந்தான். என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கத்தி பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும், கட்டையைத் தொட்டுவிடக் கூடாது, தொட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பிறகு கத்தி ஓடாது. இருட்டு விலகும் முன்னே, நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், மரம் மரமாக அந்த நூலிழையில் கையை நிறுத்துவார். அதை லாவகம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது, அது கைக்கு மட்டுமல்ல, உடம்பு வளைந்து தப்பிப்பதற்கும் பொருந்தும்.

ஆட்களை இயல்பு இயல்பாகப் பிரித்து எழுதுவது நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவன் தலைவிக்கு ஒத்திருக்க வேண்டியவை என்று பிறப்பு, குடிமை, ஆண்மை எனத் தொடங்கி அருள், உணர்வு, திரு என்று பத்தை அடுக்குகிறது. டிராவலரில் ஒருவனுடைய சமூக அந்தஸ்துக்கும் எண் உண்டு, அதைக் குடிமை என்று எழுதினால் அப்படியே உட்கார்ந்துவிடும்.

பிறரை ஈர்க்கும் இயல்பான கரிஸ்மாதான் கடைசி வரை இழுத்தது. கிரேக்கத்தில் அருளால் கிடைத்த கொடை. கவர்ச்சி என்றால் சினிமா ஞாபகம் வருகிறது, வசீகரத்தில் வசியம் செய்கிற வாடை. எனக்கு அந்தப் பட்டியலின் கடைசிச் சொல் பிடித்திருந்தது. திருக்கோவையாருக்கு உரை எழுதிய பேராசிரியர், திரு என்றால் கண்டவர் விரும்பும் தன்மை என்கிறார். இதைவிடக் கச்சிதமாகக் கரிஸ்மாவை யார் சொல்வது? அக்கா மகளின் தாளை வாங்கி ‘திரு: 17’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“நான் பொண்ணு மாமா,” என்று அதை அடித்துவிட்டு ‘முகராசி’ என்று எழுதிக்கொண்டாள்.